தம்மாயி உருவான விதம்: பிரியாணித் திருவிழாவிலிருந்து ஒரு 24 பக்கக் காமிக்ஸ்

திருமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு வடக்கம்பட்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊர் ஊருக்கு நீங்கள் பார்க்கிற முனியாண்டி விலாஸ் ஓட்டல்களுக்கு வேர் மதுரை மாவட்டத்தில் உள்ள இந்தச் சின்னக் கிராமம்தான். ஓட்டல் நடத்தப் பல ஊர்களுக்குப் போனவர்கள் தை மாதம் முனியாண்டி கோவில் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். பால்குடம், பூசை எல்லாம் முடிந்து ராத்திரி முழுக்க விறகடுப்பில் தேக்சா தேக்சாவாக, அதாவது அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும், விடியும்போது வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுப்பார்கள். அரிசி மட்டுமே ஆயிரம் கிலோவைத் தாண்டும். யார் எந்த ஊர் என்றெல்லாம் கேட்பதில்லை, பாத்திரத்தோடு வந்தால் வீட்டுக்கும் கிடைக்கும்.

எங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில். திருவிழா முடிந்து பல நாள் பிள்ளைகள் இதைப் பற்றியேதான் பேசுவார்கள், அதிலும் அந்த அடுப்பு வரிசையைப் பற்றி. சரி, இதை வைத்து ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் செய்யலாமே, எல்லாரும் சேர்ந்து வரைவோம், அச்சடித்து அடுத்த திருவிழாவில் கொடுப்போம் என்று ஆரம்பித்தோம். பிள்ளைகள், சில சமையல் மாஸ்டர்கள், வெங்காயம் உரிக்கும் அக்காமார், டீக்கடையில் தினமும் உட்காருகிற மூன்று நான்கு பெரிசுகள், இவ்வளவுதான் கூட்டம். ஓவியர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. நான் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்தவன், அதனால் அச்சுப் பக்கம் என் தலையில் விழுந்தது.

பெரிசுகள் உள்ளே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய காலத்தில் இவர்கள் பையன்கள். ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில் மேசை துடைத்துக்கொண்டே காமிக்ஸ் படித்த தலைமுறை இது. ஒருத்தர் பரணிலிருந்து ஒரு கட்டு இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். 'பலூன்ல எழுத்து பொடிசா இருந்தா படிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்' என்று முதல் நாளே நிபந்தனை வேறு. பலூன் என்றால் வசனம் எழுதுகிற வட்டம்.

கதைக்கு நேராகப் போகாமல் முதலில் நாலு கட்டக் கதைகள் செய்தோம். சரத் சர்மா தொடங்கிய வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பு பல வருடமாகக் கிராமங்களில் செய்துவரும் முறை இது: இரண்டு ஏ4 தாளை ஒட்டி ஒரு சுவரொட்டி, அதில் நாலே கட்டம். முதல் கட்டத்தில் ஆள் யார், பிரச்சினை என்ன, இரண்டாவதில் அது முற்றும், மூன்றாவதில் திரும்பும், நாலாவதில் முடியும். ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது. வரையத் தெரியாதவர்களைத் தொடங்க வைக்க இதைவிட எளிய வழி நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நாலு கட்டத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். டீக்கடைச் சுவரில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, எதன் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனித்தோம்.

பறக்கிற ஹீரோ, இரும்பு ஹீரோ எதற்கும் ஆள் நிற்கவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்திருந்த கிழவிக்குத்தான் கூட்டம். அந்தக் கிழவி தேக்சா மூடியில் கை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமாம். 'பறந்து போயி என்ன செய்யப் போறான், அடுப்பு கீழதான இருக்கு' என்றார் ஓர் அக்கா. அதோடு முடிவாயிற்று. பெயர் தம்மாயி. அம்மாயியும் (எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா) தம்மும் சேர்ந்தது.

சக்திக்கு விதி போட்டது சமையல் மாஸ்டர். அவருக்குக் காமிக்ஸ் பழக்கமே கிடையாது, ஆனால் விதி கறார்: தம் போட்ட பிறகு நேரம் ஆகும்வரை மூடியைத் திறக்கவே கூடாது, திறந்தால் ஆவி போய்விடும், அரிசி முழுசாகப் பூக்காது. ஆகவே தம்மாயியின் சக்தியும் மூடி மூடியிருக்கும்வரைதான். யாராவது முன்னாலேயே திறந்துவிட்டால் அவள் வெறும் கிழவி. ஒரு சூப்பர் ஹீரோவுக்கு இதைவிட நல்ல பலவீனத்தை நாங்களாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

வில்லன் எசென்ஸ் ஏகாம்பரம். கலர்ப் பொடி, எசென்ஸ் பாட்டில் வியாபாரி. திருவிழா வாசனையை அப்படியே உறிஞ்சிப் பாட்டிலில் அடைத்து விற்கப் பார்க்கிறான். அவன் எவ்வளவு கெட்டவன் என்று முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும், ஆனால் அடிதடி வேண்டாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரிசு ஒருவர் சொன்ன யோசனைதான் நின்றது. ஓட்டல்காரர்கள் ஒவ்வொரு நாளும் முதல் வாடிக்கையாளர் தரும் பில் பணத்தைத் திருவிழாவுக்கென்று தனியாக எடுத்து வைப்பது வழக்கம். ஏகாம்பரம் ஒரு ஓட்டலுக்குள் காலையில் முதல் ஆளாக நுழைந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, பணம் கொடுக்காமல் நழுவுகிறான். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு பக்கமே போதும், பல்லைக் கடிப்பார்கள்.

சாமியை மட்டும் வரைய வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். கோவில் வருகிற இடங்களில் மணிச் சத்தமும் மரத்து நிழலும் மட்டுமே, கதை நடக்கும் ஊருக்கும் புகைப்பட்டி என்று கற்பனைப் பெயர்.

இனி வேலை. ஏ4 தாளில் வரைந்து ஏ5 அளவில் அச்சடிப்பதாக முடிவு, அதாவது வரைந்தது சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும். சுருங்கினால் நடுக்கக் கோடு கொஞ்சம் மறையும், கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மெல்லிய கோடு காணாமல் போகும், அதனால் 0.3 பேனாவைத் தடை செய்துவிட்டு 0.8 பேனாவும் கறுப்பு இண்டியன் இங்க்கும் மட்டும் கொடுத்தோம். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம், ஸ்கேனில் பாதிக் கோடு உடைந்துபோகும். முதல் கோட்டை வெளிர் நீலப் பென்சிலில் போடச் சொன்னேன். ஸ்கேன் செய்த பிறகு கிம்ப் என்ற பட மென்பொருளில் நீலச் சானலை (படத்தின் நீல நிறப் பகுதியை) மட்டும் எடுத்தால் வெளிர் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், கறுப்பு மட்டும் நிற்கும். ரப்பர் வைத்துத் தேய்த்துத் தாளைக் கிழிக்கிற வேலையே இல்லை. ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தட்டை ஸ்கேனரில். மொபைலில் படம் எடுத்தால் ஒரு மூலை இருட்டாக வரும், அதைச் சரிசெய்யும் நேரத்தில் இன்னொரு பக்கத்தையே வரைந்துவிடலாம்.

பல கை வரைந்தாலும் தம்மாயி தம்மாயியாகத் தெரிய வேண்டும். முகம் எல்லாரும் ஒரே மாதிரி வரைய முடியாது, அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பதில் மூன்று அடையாளம் வைத்தோம்: கோடாலி முடிச்சுக் கொண்டை, புள்ளி புள்ளியாய்ச் சுங்குடிச் சேலை, கையில் ஆள் உயரத் துடுப்பு. பின்னால் பறக்கிற துணி கேட்டார்கள் பிள்ளைகள், தேக்சா மூடியைச் சுற்றிக் கட்டுகிற ஈரத்துணியைத் தோளில் போட்டுவிட்டோம். மூக்கு பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, யாரும் கேட்கவில்லை. சுங்குடிப் புள்ளி மதுரைக்காரர்கள் கண்ணில் உடனே படும், சின்னப் பிள்ளையும் வரையும்.

நிறம்தான் பணத்தைத் தின்கிற இடம். ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு. நாலு கலர் என்றால் கையைக் கடிக்கும், கறுப்பு மட்டும் என்றால் அடுப்பு செத்துப்போன மாதிரி இருக்கும். கறுப்போடு ஆரஞ்சு ஒன்றைச் சேர்த்தோம். கங்கு, சேலைப் புள்ளி, வாசனை, இந்த மூன்றுக்கு மட்டும் ஆரஞ்சு. இதைக் கம்ப்யூட்டரில் செய்யாமல் கையாலேயே செய்தோம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்: வரைந்த தாளின் மேல் பட்டர் பேப்பரை ஒட்டி, நாலு மூலையிலும் கூட்டல் குறி போட்டு, ஆரஞ்சு வரவேண்டிய இடத்தை மட்டும் கறுப்பு ஸ்கெட்சால் நிரப்ப வேண்டும். அந்தத் தாளைத் தனியாக ஸ்கேன் செய்தால் அதுவே ஆரஞ்சு பிளேட். கூட்டல் குறிகளைப் பொருத்தினால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். அச்சில் ரெஜிஸ்டர், அதாவது இரண்டு நிறமும் பொருந்துகிற இடம், ஒரு மில்லிமீட்டர் விலகத்தான் செய்யும் என்பதால் ஆரஞ்சுக்கு விளிம்புக் கோடே போடவில்லை, விலகினாலும் நெருப்பு நெருப்பாகத்தான் தெரியும்.

வாசனையை எப்படி வரைவது? நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்த இடம் இது. ஒரு பையன் எல்லா இடத்திலும் பாம்பு மாதிரி நெளிகோடு போட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் பார்த்துவிட்டு, 'எல்லா வாசனையும் ஒண்ணா வராது தம்பி, வரிசையா வரும்' என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் காய்ந்து பட்டை, கிராம்பு, ஏலக்காய் விழுந்தவுடன் வருவது மூக்கில் குத்தும். அது ஊசி மாதிரி நேர்கோடு. வெங்காயம் வதங்குவது அகலமாய், தரையோடு பரவும், அதற்குப் பட்டையான ரம்பக் கோடு. இஞ்சி பூண்டு விழுது தடித்த சுருள். புதினாவும் மல்லியும் விட்டுவிட்டு வரும், அதனால் புள்ளிக்கோடு. கறி வேகும்போது மெதுவாக, கனமாக அலை. எல்லாம் எழுதி முடித்துத் தம்முக்கு என்ன கோடு என்று கேட்டேன். தம்மிலிருக்கும்போது வாசனை வெளியே வந்தால் அதற்குப் பெயர் தம்மா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அதனால் தம் போட்டிருக்கிற இரண்டு பக்கங்களில் மூடி மேல் கிடக்கிற கங்குகூடச் சாம்பல் மூடித் தெரியும், ஆரஞ்சு ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அதைப் புரட்டினால் 12ஆம் 13ஆம் பக்கம் முழுக்க ஆரஞ்சு, மூடி திறந்து ஆவி கிளம்புகிறது. ஏன் 12, 13 என்றால், நடுவில் பின் அடிக்கிற 24 பக்கப் புத்தகத்தில் அந்த இரண்டு மட்டும்தான் எதிரெதிரே ஒரே தாளில் இருக்கும். மற்ற எந்த ஜோடியும் வெவ்வேறு தாள், நடுவில் படம் பொருந்தாது. முதல் பக்கத்துக்கு ஜோடி 24, இரண்டுக்கு 23, கூட்டினால் எப்போதும் 25. அப்படியே போனால் 12க்கு ஜோடி 13. புத்தகம் செய்கிறவர்கள் பக்கங்களை நாலின் மடங்கில் வைப்பதும் இதனால்தான். அச்சகத்துக்கு 16 பக்கம் ஒரு ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்), 8 பக்கம் ஒன்று என்று வசதியாகப் போய்விடும், அட்டை தனி.

இதனால் ஒரு சிக்கல். உச்சக்கட்டம் புத்தகத்தின் நடுவிலேயே வந்துவிட்டது, பாக்கிப் பதினோரு பக்கத்தில் என்ன செய்வது? நீண்ட விவாதம். கடைசியில் அந்த மூடியைத் திறப்பவன் ஏகாம்பரம் என்று வைத்தோம். நேரம் ஆவதற்கு முன்னால் திறந்து வாசனையை உறிஞ்சிவிடுகிறான், தம்மாயிக்குச் சக்தி போய்விடுகிறது. அப்புறம் அவளைக் காப்பாற்றுவது யார்? வெங்காயம் உரிக்கிற அக்காமார். வாழ்க்கையில் ஒரு வெங்காயம்கூட அரிந்திராத ஏகாம்பரத்தைச் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் விரட்டிவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் அரிய ஆரம்பிக்கிறார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் அவனே பாட்டில்களைக் கீழே போட்டு உடைக்கிறான். இந்த முடிவைச் சொன்னவர்கள் அந்த அக்காமார்தான், ராத்திரி முழுக்க உரிப்பது நாங்கள், பெயர் வாங்குவது மாஸ்டரா என்று அவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அச்சு தாள் எல்லாவற்றையும்விட இந்தப் புத்தகத்துக்கு உயிர் கொடுத்தது அந்தக் கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

வசனத்துக்கு வருவோம். தமிழில் காமிக்ஸ் செய்கிறவர்கள் முதலில் வசனத்தை எழுதிவிட்டுப் பிறகு வரைய வேண்டும் என்பது என் கட்சி. 'கொண்டுவந்துவிட்டார்களாம்' என்று ஒரு வார்த்தை வந்தால் பாதிக் கட்டம் போச்சு. படம் வரைந்து முடித்துவிட்டுப் பலூனுக்கு இடம் தேடினால் யார் தலையையாவது மூட வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வசனத்தை முதலில் துண்டுக் காகிதத்தில் எழுதி, தாளில் மேல் மூலையில் ஒட்டி, மிச்ச இடத்தில்தான் வரையச் சொன்னோம். ஒரு பலூனுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் கூடாது. பேச்சுத்தமிழ் இதற்குத் தோதானது: 'கொண்டாந்துட்டாங்களாம்' சின்னதாகிவிடுகிறதல்லவா? 'அங்கிட்டுப் போகாத', 'வெரசா வா' எல்லாம் தாராளமாக வைத்தோம்.

எழுத்துருவுக்குக் கவிவாணர் எடுத்தோம். கொஞ்சம் சாய்ந்து, கையால் எழுதியது மாதிரி இருக்கும், இலவசம். கத்துகிற இடத்துக்கு மட்டும் பலூ தம்பி, குண்டாக இருப்பதால் அதட்டல் தெரியும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு, வரிக்கு வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரி 'கூ'வின் சுழியும் கீழ் வரி 'கீ'யின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும். வார்த்தையை உடைக்கும்போது புள்ளி எழுத்து அடுத்த வரியின் முதலில் வரக் கூடாது, இதை மென்பொருள் பார்த்துக்கொள்ளாது, நாம்தான் பார்க்க வேண்டும். பெரிசு போட்ட நிபந்தனைப்படி எழுத்து பத்து பாயிண்டுக்குக் கீழே போகவில்லை.

சத்தங்களை மட்டும் கம்ப்யூட்டரிடம் விடவில்லை. தமிழில் அடுப்படிச் சத்தத்துக்குக் குறைவா என்ன! கடுகுக்குச் சடசட, உலைக்குத் தளதள, சூடான எண்ணெயில் வெங்காயம் விழுந்தால் சொய்ங், மூடி திறந்தால் புஸ்ஸ்ஸ். அந்தப் 'புஸ்ஸ்ஸ்' இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஏழு வயதுப் பையன் பெயிண்ட் பிரஷ்ஷால் எழுதியது, ஒவ்வொரு 'ஸ்'ஸும் மேலே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். அழகாக எழுதத் தெரிந்த யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் கோப்பைத் திறந்ததும் கொம்பும் காலும் தனித்தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டன, 'கொ' என்பது மூன்று துண்டு. எழுத்துகளையெல்லாம் பாதையாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அவர்களிடம் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் பார்த்தது அப்படியே விழும். மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வையுங்கள், மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆரஞ்சிலும் கொஞ்சம் கலந்திருந்தால் நிழல் விழுந்தது மாதிரி மங்கும். ஓரத்தில் எல்லாப் பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்திருக்க வேண்டும், வெட்டும்போது அது போய்விடும்.

உள்தாள் நூறு ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ, பளபளப்பில்லாத தாள். பளபளப்புத் தாளில் ஆரஞ்சு எடுப்பாக வரும்தான், ஆனால் பிள்ளைகள் அதன் மேல் கலர் பென்சில் தீட்ட முடியாது, இந்தப் புத்தகத்தை வாங்கினால் தீட்டத்தான் போகிறார்கள். ஐந்நூறு பிரதி போட்டோம். அதற்குக் குறைவென்றால் ஆஃப்செட்டில் பிளேட் செலவு ஏறிவிடும், டிஜிட்டலே லாபம். மடித்துப் பின் அடிக்கிற வேலையை அச்சகத்தில் விடாமல் நாங்களே எடுத்துக்கொண்டோம். நீளக்கை ஸ்டேப்ளர் ஒன்று இருந்தால் போதும், மடித்த தாள்களை முழுதாக விரித்துப் போட்டு முதுகில் இரண்டு பின். அடித்த பிறகு உள்பக்கங்கள் வெளியே லேசாக நீட்டிக்கொண்டிருக்கும், அது இயல்பு, முன்விளிம்பை மட்டும் கட்டிங் மெஷினில் ஒரு தட்டு தட்டிவிட வேண்டும்.

திருவிழாவில் விற்கவில்லை, பிரியாணியைக் காசுக்குக் கொடுக்காத இடத்தில் புத்தகத்தை எப்படி விற்பது? செலவைச் சில ஓட்டல்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் ஓட்டலுக்கு ஒரு கட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள், சாப்பாடு வரும்வரை பிள்ளைகள் படிக்க. ஆந்திரப் பக்கம் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் தெலுங்கில் வேண்டும் என்கிறார். பலூன்கள் தனி அடுக்கில் இருப்பதால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், சத்தங்களை மட்டும் யாராவது அங்கே கையால் எழுதித் தர வேண்டும். தமிழில் இரண்டாம் பதிப்புக்கும் பேச்சு நடக்கிறது. அதற்கு அட்டையில் மேட் லாமினேஷன் வேண்டாம், பளபளப்பே போடச் சொல்லியிருக்கிறேன். ஓட்டல் மேசையில் கிடக்கிற புத்தகம், குழம்புக் கை பட்டால் துணியால் துடைத்துவிடலாம்.